வாலிபர் பகுதி: நெடுநீச்சலுக்கு ஒரு கால அட்டவணை

பங்குனி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் இந்நகரத்து நீச்சற் கழகங்களின் கதவுகள் மறுபடியும் திறக்கப்படும். குளிர்காலம் முழுவதும் ஆளரவமின்றிக் கிடந்த காலேஜ் ஸ்குயர் குளமும், ஹெதுவாக் குளமும், தேசபந்து பூங்காக் குளமும், ரவீந்திர சரோவர் ஏரிக்கரைக் கழகங்களும் சிறுவர் சிறுமியரின் ஆரவாரத்தால் நிறையும். லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ பக்கத்து நம்மவர் இல்லங்களிலிருந்தும், ரயில்வே குடியிருப்புகளிலிருந்தும் செல்லும் பிள்ளைகள் அக்கூட்டத்தில் கணிசமாக இருப்பார்கள். தாமிரபரணியிலும் காவிரியிலும் கோவணத்துடன் குதித்து நீந்திய பாட்டனாரின் பேரப் பிள்ளைகள், கங்கைக்கரை ஊரில் சந்தா செலுத்தி, தொப்பியும் நீர்க்கண்ணாடியும் அணிந்து நீந்துகிறார்கள். காலம் செய்த மாறுதல் அது. நமக்கு அதில் வருத்தமில்லை.

இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொள்ளக் காரணம் ஒரு கடிதம். நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் இல்லத்தரசியார் எழுதியுள்ளார். பெயரும் தெருவும் வேண்டா. அவருடைய பதினான்கு வயது மகள் 800 மீட்டர் சுதந்திரப்பாணி நீச்சலில் போட்டியிடுகிறாள். சென்ற ஆண்டு மே மாதத்தில் அத்தொலைவை 12 நிமிடம் 24 விநாடியில் நீந்தினாள். பிறகு வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு 4,000 மீட்டர், காலை 5 மணிக்கே தண்ணீரில் இறங்கிப் பயிற்சி செய்தாள். செப்டம்பர் போட்டியில் அவள் எடுத்துக்கொண்ட நேரம் 12 நிமிடம் 46 விநாடி. உழைப்பு ஏறியது, வேகம் இறங்கியது. பள்ளியில் மேஜைமீது தலைசாய்த்து உறங்குவதாக ஆசிரியை சொல்லியனுப்பினாராம். ‘சோம்பேறித்தனம்’ என்கிறார் தகப்பனார். ‘இன்னும் அதிகமாக நீந்த வேண்டும்’ என்கிறார் பயிற்சியாளர். இவ்வாண்டு நேரம் குறையாவிட்டால் நீச்சலை நிறுத்தி, பத்தாம் வகுப்புக்கான தனிப்பயிற்சியில் சேர்த்துவிடுவது என்று வீட்டில் முடிவாகியுள்ளது. அப்பெண்ணோ வாய்திறந்து ஒன்றும் சொல்வதில்லையாம். “அவள் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது” என்று அச்சகோதரி எழுதியிருக்கும் வரியைப் படித்த பின்னர், இப்பொருளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்க மனம் இடந்தரவில்லை.

நாம் மருத்துவரல்லோம், நீச்சல் ஆசானும் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கால அட்டவணைகளைச் சரிபார்த்து வயிறு வளர்க்கும் குமாஸ்தா. ஆயினும் இத்துறை நூல்களைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். குளக்கரைப் பலகையில் அமர்ந்து பார்த்தும் வருகிறோம். நெடுந்தொலைவு நீச்சலுக்குப் பயிற்சி வகுப்பதும், நெடுந்தொலைவு வண்டிக்கு அட்டவணை வகுப்பதும் பெரிதும் ஒத்தவை என்பது நமது அபிப்பிராயம். அந்தத் துணிவில் எழுதுகிறோம்.

முதலில் சோம்பல் என்னும் குற்றச்சாட்டைத் தள்ளிவிடுவோம். வாரம் 24,000 மீட்டர் நீந்தும் குழந்தையைச் சோம்பேறி என்பது, நாளெல்லாம் ஓடிய எஞ்சினை ‘நகர மறுக்கிறது’ என்று திட்டுவது போலாகும். வேறு காரணம் தேட வேண்டும். நம் நாட்டுப் பெண் குழந்தைகளின் விஷயத்தில் முதலிற் பார்க்க வேண்டியது இரத்தம். 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது குறைந்தால், எந்தப் பயிற்சித் திட்டமும் எடுபடாது. பன்னிரண்டு வயதைக் கடந்த பெண்ணுக்கு அது டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருத்தலாகாது. ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். சகோதரி, குளம் திறக்குமுன் இதை முடித்துவிடுங்கள். மாதவிடாய் தவறுகிறதா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமற் சொல்லுங்கள். உழைப்புக்கேற்ற உணவு கிட்டாத உடல் தரும் எச்சரிக்கைகளுள் அதுவும் ஒன்று.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. நம் வீடுகளில் உண்டு முடித்த கையோடு காபி அருந்தும் வழக்கம் உண்டு. காபியும் தேநீரும் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கின்றன. கீரையும் பருப்பும் உண்ட பிறகு ஒரு மணி நேரமாவது காபி வேண்டா. அதற்குப் பதிலாக எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். டிகிரி காபியைக் குறை கூறிவிட்டோமென்று வாசகர்கள் நம்மீது சினங்கொள்ள வேண்டா. நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

இரத்தம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது குற்றவாளி பயிற்சித் திட்டமே. அதிலும், கடிதத்தில் தற்செயலாக வந்துள்ள ஒரு சொற்றொடர் நம் கண்ணில் பட்டது: ‘எல்லா நாளும் ஒரே மாதிரி, கொஞ்சம் வேகமாகவே நீந்தச் சொல்கிறார்.’ நோயின் வேர் அதுதான் என்று எண்ணுகிறோம்.

நெடுநேரம் நீந்தும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? தசை நார்களுக்குள்ளே பிராணவாயுவைக் கொண்டு உணவை எரிக்கும் நுண்ணிய உலைகள் உள்ளன. அவ்வுலைகள் பெருக வேண்டும். அவற்றைச் சூழ்ந்து இரத்தம் கொணரும் நுண்குழாய்கள் கிளைக்க வேண்டும். இருதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தம் இறைக்கப் பழக வேண்டும். இம்மூன்றும் மெல்லிய வேகத்தில் நெடுநேரம் நீந்துவதனால் நன்றாக வளர்கின்றன. இவற்றுக்கு வாரங்களும் மாதங்களும் பிடிக்கும், அவசரப்படுத்த இயலாது. வேகம் கூடக்கூட ஓர் எல்லை வருகிறது. அதற்கு மேல் உடல் தன் அமிலத்தன்மையைச் சமாளிக்க முடியாமல் திணறுகிறது, கைகள் கனக்கின்றன. அந்த எல்லை வேகத்திலேயே பழகினால் எல்லை சற்று மேலே நகரும். எல்லையைத் தாண்டிய வேகத்தில் சிறிது நேரம் பழகினால் பிராணவாயுவை உட்கொள்ளும் உச்சத்திறன் உயரும். ஆக, மூன்று வேகங்கள், மூன்று பயன்கள். இவற்றுக்கிடையே ‘கொஞ்சம் வேகமாக’ என்றொரு நடுவேகம் இருக்கிறது. அது மெல்லிய வேகமாக இராததால் களைப்பைத் தருகிறது. எல்லை வேகமாகவும் இராததால் அதற்குரிய பயனை முழுமையாகத் தருவதில்லை. அதோடு, தசையில் சேமிக்கப்பட்டுள்ள மாச்சத்துக் கையிருப்பு கடும் பயிற்சியால் தீர்ந்துபோனால், மறுபடி நிரம்ப ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை பிடிக்கிறது. ஆறு நாளும் கடுமையாக நீந்தினால் அது நிரம்புவதேயில்லை. மே மாதத்துப் பெண் செப்டம்பரில் மெதுவானதற்கு இதுவே போதிய விளக்கம்.

அதிகத் தொலைவே அதிகப் பயன் என்னும் நம்பிக்கை உலகெங்கும் ஒரு காலத்தில் ஓங்கியிருந்தது. அதைச் சோதித்துப் பார்த்தவர்களுள் அமெரிக்க உடலியல் அறிஞர் டேவிட் காஸ்டில் ஒருவர். 1991-ல் வெளிவந்த அவரது ஆய்வில், கல்லூரி நீச்சல் வீரர்கள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் நீந்தியது. மற்றொன்று ஆறு வார காலம் நாளுக்கு இருமுறை, மொத்தம் மூன்று மணி நேரம் நீந்தியது. இரட்டிப்பு உழைப்புச் செய்தவர்கள் அதற்கேற்ற மேன்மை எதையும் அடையவில்லை. இதைக் கொண்டு தொலைவே வேண்டாமென்று முடிவு செய்வதும் பிழை. நெடுநீச்சலுக்குத் தொலைவு வேண்டும். ஆனால் எந்த வேகத்தில், எந்த நாளில் என்னும் கேள்விக்கு விடையில்லாத தொலைவு வீண்.

இனி அட்டவணைக்கு வருவோம். அட்டவணை போடுமுன் வண்டியின் வேகம் தெரிய வேண்டுமல்லவா? அதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 1992 வாக்கில் ஜப்பானிய ஆய்வாளர்கள் நீச்சலுக்கு வகுத்த முறையை ஒட்டியது. பிள்ளையை ஒரு நாள் 400 மீட்டரை முழு வேகத்தில் நீந்தச் சொல்லி நேரம் எடுக்க வேண்டும். நன்றாக இளைப்பாறிய பின்போ மறுநாளோ, 200 மீட்டரை அவ்வாறே நீந்தச் செய்ய வேண்டும். நம் சகோதரியின் மகள் 400 மீட்டரை 6 நிமிடத்திலும், அதாவது 360 விநாடியிலும், 200 மீட்டரை 2 நிமிடம் 52 விநாடியிலும், அதாவது 172 விநாடியிலும் நீந்துவதாகக் கொள்வோம். கழித்தால் 188 விநாடி. இது மீதி 200 மீட்டருக்குரிய நேரம். எனவே 100 மீட்டருக்கு 94 விநாடி, அதாவது 1 நிமிடம் 34 விநாடி. இதுவே ஏறத்தாழ அவளுடைய எல்லை வேகம். ஆய்வுக்கூடத்தில் விரல்நுனி இரத்தம் எடுத்துக் கண்டறிவதற்குப் பதிலாக, ஒரு ஸ்டாப் வாட்சும் பென்சிலும் கொண்டு ஏழை எளியவரும் செய்யக்கூடிய காரியம். நான்கு வாரத்துக்கொருமுறை திரும்பச் செய்து பார்த்தால், முன்னேற்றம் ஏட்டிலேயே தெரிந்துவிடும்.

இந்த எண் கிடைத்துவிட்டால் மற்றவை தாமாக அமையும். மெல்லிய நாளில் 100 மீட்டருக்கு 1 நிமிடம் 45 விநாடியிலிருந்து 1 நிமிடம் 50 விநாடி வரை போகலாம். 400 மீட்டராக ஐந்து தடவை, இடையில் அரை நிமிட ஓய்வு. நீந்தி முடித்ததும் இயல்பாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். எல்லை நாளில் 100 மீட்டராகப் பதினைந்து தடவை, ஒவ்வொன்றும் 1 நிமிடம் 34 அல்லது 35 விநாடி. 1 நிமிடம் 50 விநாடிக்கு ஒருமுறை புறப்பாடு; அதாவது 15 விநாடி ஓய்வு. பதினைந்தும் முடிய இருபத்தேழரை நிமிடம் ஆகும். முதல் நான்கை 1 நிமிடம் 28 விநாடியில் நீந்திவிட்டுக் கடைசி நான்கில் தத்தளிப்பது பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தமான தவறு. புறப்பாடும் வந்தடைவும் கடிகாரப்படி இருக்க வேண்டும். முன்னதாக வந்தடைவதற்கு இங்கே பரிசில்லை. உச்ச நாளில் 200 மீட்டராக ஐந்து தடவை, சுமார் 3 நிமிடத்தில் ஒன்று, நான்கரை நிமிடத்துக்கொரு புறப்பாடு. இது வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். அதுவும் முதல் மூன்று மாதங்களில் வேண்டவே வேண்டா.

கழகம் ஏப்ரல் முதல் வாரம் திறந்து, போட்டி செப்டம்பர் மூன்றாம் வாரம் வருமாயின், நம் கையில் 24 வாரங்கள் உள்ளன. முதல் நான்கு வாரங்கள் குளிர்காலத்து இறுக்கம் தளர. கைவீச்சும் மூச்சு வாங்கும் முறையும் சீர்பட வேண்டிய காலம் அது. வாரம் 8,000 மீட்டரில் தொடங்கி 10,000 வரை போனால் போதும். அடுத்த எட்டு வாரங்கள் அடித்தளம். இங்கே நீந்துவதில் ஐந்தில் நான்கு பங்கு மெல்லிய வேகமே. வாரத்தில் ஒரு நாள் மட்டும் எல்லை வேகம். வாரத் தொலைவு 12,000 மீட்டரிலிருந்து 17,000 வரை ஏறலாம். பிறகு வரும் ஏழு வாரங்களில் எல்லை நாட்கள் இரண்டாகும். பிற்பாதியில் உச்ச நாளும் ஒன்று சேரும். தொலைவு 20,000 மீட்டரைத் தொடுவது இக்காலத்தில்தான். சென்ற ஆண்டு 24,000 நீந்தியவள் இவ்வாண்டு உச்சத்தில் 20,000 மட்டுமே நீந்துகிறாளே என்று தகப்பனார் புருவத்தை உயர்த்தக்கூடும். நேரத்தை அளந்து பார்த்து முடிவு செய்யுமாறு அவரை வேண்டுகிறோம். இதன் பின்னர் மூன்று வாரங்கள் போட்டி வேகத்துக்கு உரியவை. 800 மீட்டரை நான்கு 200-ஆகவோ எட்டு 100-ஆகவோ உடைத்து, போட்டியில் நீந்த விரும்பும் அதே வேகத்தில், சிறு ஓய்வுகளுடன் பழக வேண்டும். கடைசி இரண்டு வாரங்களைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

மேற்சொன்ன ஏற்றம் படிக்கட்டு போல் ஒரே சீராக ஏறுவதன்று. மூன்று வாரம் ஏறி, நான்காவது வாரம் இறங்க வேண்டும். 15,000, 16,000, 17,000 என்று போன பிறகு ஒரு வாரம் 12,000. இவ்விஷயத்தில் நம் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல ஆசைப்படுகிறோம். பொதுமக்கள் கையிலுள்ள அட்டவணை வேறு. ஓட்டுநரும் கார்டும் வைத்திருக்கும் உள் அட்டவணை வேறு. உள் அட்டவணையில், குறிப்பிட்ட இடங்களில் சில நிமிடங்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கும். பாதை பழுதுபார்ப்பதற்கென்று சில. வழியில் ஏற்பட்ட தாமதத்தை ஈடுசெய்ய ‘ரெகவரி டைம்’ என்று சில. அறியாதவர்கள் ‘வண்டி ஏன் இங்கே சும்மா நிற்கிறது?’ என்று முணுமுணுப்பார்கள். அந்த நிமிடங்களை வெட்டிவிட்டால், முதல் நாள் ஏற்பட்ட தாமதம் மறுநாள் வண்டிக்கும் தொற்றும். பிள்ளையின் நான்காவது வாரம் அத்தகையது. உடல் பலமடைவது நீந்தும்போதன்று. நீந்திவிட்டு உண்டு உறங்கும்போதுதான். பள்ளியின் அரையாண்டுத் தேர்வு எந்த வாரம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அவ்வாரத்தையே இறக்க வாரமாக அமைத்துக்கொண்டால் புத்தகத்துக்கும் குளத்துக்கும் சண்டை வாராது.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஷாட மாதத்தில் இவ்வூரில் இடி மின்னலோடு மழை கொட்டும். மின்னல் கண்டதும் தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும். அதில் தயவு தாட்சண்யம் கூடாது. இப்படித் தவறிப்போகும் நாட்களை ஞாயிற்றுக்கிழமை இருமடங்கு நீந்தி ஈடுகட்டும் பழக்கம் பல கழகங்களில் உண்டு. அது வேண்டா. போன நாள் போனதுதான். அடுத்த நாளுக்குரியதைச் செய்தாற் போதும்.

ஒரு வாரத்தின் உட்பிரிவு எப்படி? கடும் நாளுக்கு மறுநாள் மெல்லிய நாள் என்பதே பிரதான விதி. செவ்வாயும் வெள்ளியும் கடுமையாக இருந்தால், திங்களும் வியாழனும் சனியும் மெல்லியவை. புதனும் ஞாயிறும் தண்ணீர் கிடையாது. புதனன்று வீட்டிலேயே கால்மணி நேரம் தோள்பட்டைக்கும் முதுகுக்கும் ரப்பர் பட்டையால் பயிற்சி செய்யலாம். நீச்சல்காரர்களுக்கு வரும் தோள்வலி சாமானியமானதன்று. ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கான தடவை தலைக்கு மேலே சுழலும் கை அது. வலியை மறைத்து நீந்தும் பிள்ளையை வீரன் என்று புகழாதீர்கள். நெய்வேலியில் வளர்ந்து, 2021-ல் ரோமாபுரியில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தி, ஒலிம்பிக்கின் ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியரான சஜன் பிரகாஷ், அதற்குமுன் கழுத்துக் காயத்தால் நெடுநாள் அவதியுற்றவரே. குணமடையக் காலம் தந்த பின்னரே அவருக்கு அது வாய்த்தது.

நெடுநீச்சல் என்றால் நம் நகரத்தார் நினைவுக்கு வருபவர் ஆரத்தி சாஹா. 1940-ல் பிறந்தவர், 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது பன்னிரண்டு வயது நிறையவில்லை. ரயில்வேயில் பணிபுரிந்தவர் என்பதில் நமக்குத் தனிப் பெருமை! 1959-ஆம் ஆண்டு ஏப்ரலில் தேசபந்து பூங்காக் குளத்தில், மக்கள் திரண்டு பார்க்க, எட்டு மணி நேரம் இடைவிடாமல் நீந்திக்காட்டினார். ஆகஸ்டு மாதத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று, கரை அருகே வந்து தோற்றார். செப்டம்பர் 29-ஆம் தேதி மறுபடியும் இறங்கி, 16 மணி 20 நிமிடத்தில் கடந்தார். ஆசியப் பெண்களுள் முதல்வர். இரண்டு முயற்சிகளுக்கும் இடையே ஒரு மாதந்தான். அந்த மாதத்தில் அவர் புதிதாக ஆற்றல் தேடிக்கொண்டிருக்க இயலாது. முன்பே சேர்த்து வைத்திருந்த ஆற்றலைக் கொண்டே கடந்தார் என்பது நமது கருத்து. அவருக்கு ஓராண்டு முன்பு, 1958 செப்டம்பர் 27-ஆம் தேதி, அதே கால்வாயைக் கடந்தவர் கல்கத்தா வழக்கறிஞர் மிஹிர் சென். அவரும் பலமுறை தோற்ற பின்னரே வென்றார். 1966-ல் அவர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தபோது, தனுஷ்கோடியில் ரயில் நிலையம் இல்லை. 1964 டிசம்பர்ப் புயல் பாம்பன் பாசஞ்சர் வண்டியோடு அதனையும் கொண்டுபோயிருந்தது.

நம் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன், 1994-ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதில், ஒரே ஆண்டுக்குள் ஆறு கடற்கால்வாய்களைக் கடந்து, மிஹிர் சென் 1966-ல் ஐந்தைக் கடந்த சாதனையை விஞ்சினான். 1998-க்குரிய அர்ஜுனா விருதும் பெற்றான். பின்னர் ஆதரவு போதாமல் போட்டி நீச்சலை விட்டு, பொறியியல் படிப்புக்குச் சென்றுவிட்டான். படிப்புக்குப் போனது தவறென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் படிப்பா, நீச்சலா என்னும் கேள்வியை ஒரு பிள்ளையின் முன் கத்திபோல் நிறுத்தும் நிலை, முப்பது ஆண்டு கழிந்தும் நம் வீடுகளில் மாறவில்லையே என்பதுதான் நமது ஆதங்கம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்னும் திட்டத்தில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஆறு நாளும் களைத்துப்போகும் திட்டத்தில்தான் இடமில்லை.

இதையெல்லாம் பயிற்சியாளரிடம் எப்படிச் சொல்வது என்பது அடுத்த சங்கடம். நம் தாய்மார் பலருக்கு வங்காளம் கேட்கப் புரியும், பேச நாவெழாது. கழகத்தில் எல்லாரும் அவரைப் பெயரோடு ‘தா’ சேர்த்து அண்ணன் முறையில் அழைக்கிறார்கள், மரியாதைக்குரியவர். சம்பளம் சொற்பம், ஒரே தடத்தில் பன்னிரண்டு பிள்ளைகளை நீந்தவிட வேண்டியவர். அவரிடம் போய் ‘உங்கள் முறை தவறு’ என்றால் பகைதான் மிஞ்சும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நாள், தூரம், ஒவ்வொரு 100 மீட்டருக்குமான நேரம், காலையில் படுக்கையை விட்டு எழுமுன் ஒரு நிமிட நாடித்துடிப்பு, இரவு உறங்கிய மணி, பசி இருந்ததா, மனம் எப்படி — இவ்வளவும் நாள்தோறும் பெண்ணே எழுதட்டும். நாடி வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு அதிகமாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், அன்று நீச்சல் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ஆசான் ஃபோர்ப்ஸ் கார்லைல் நாடியைக் கணக்கெடுத்துக் களைப்பை அளக்கும் முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டவர். ஒரு மாதம் எழுதிய புத்தகத்தை அண்ணனிடம் நீட்டி, ‘தாதா, இதைக் கொஞ்சம் பார்த்து, என்ன செய்யலாமென்று சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அவர் அனுபவசாலியாயின் தாமே புரிந்துகொள்வார்.

பேசாமலிருக்கும் பெண்ணைக் குறித்தும் ஒன்று. ‘மனம் எப்படி’ என்ற கட்டத்தில் அவள் எழுதுவதைத் தாயார் படிக்கலாம். அதைப் பற்றி அன்றே விசாரணை நடத்த வேண்டா. தகப்பனார் நேரத்தைப் பற்றி உணவு வேளையில் கேட்காதிருப்பாராக. நீச்சலை விட்டுவிட வேண்டுமென்று அவளே விரும்பினால், அந்த உரிமையும் அவளுடையதே. ஆனால் களைத்த உடலின் பேச்சையும் அவளுடைய பேச்சையும் பிரித்தறிய வேண்டும். நன்றாக உறங்கி, நன்றாக உண்டு, ஆறு வாரம் மெல்ல நீந்திய பிறகு கேட்டால், அவளுடைய பேச்சு வெளிவரும்.

உறக்கம் ஒன்பது மணி நேரம். காலை 5 மணிக்குத் தண்ணீரில் இறங்க, 4 மணிக்கு எழ வேண்டுமானால், இரவு 7 மணிக்கே படுக்க வேண்டும். எந்த வீட்டில் நடக்கும்? ஆகவே கழகத்தில் 6 மணித் தொகுதி இருந்தால் அதையே கேளுங்கள். இரவு 8 மணிக்குப் படுக்கை. இல்லையேல் மாலைத் தொகுதி. நீந்தச் செல்லுமுன் வெறும் வயிறு கூடாது. ஒரு வாழைப்பழம், அல்லது அரைக் குவளைக் கஞ்சி. நீந்தி வந்த அரைமணி நேரத்துக்குள் இட்லியும் சாம்பாரும், அல்லது முட்டை உண்ணும் வீடாயின் முட்டையும் ரொட்டியும். தீர்ந்த கையிருப்பு அந்த வேளையில்தான் விரைவாக நிரம்பத் தொடங்கும். பள்ளி வண்டி வந்துவிட்டதென்று டப்பாவில் இரண்டு பிஸ்கோத்துகளைப் போட்டு அனுப்புவது நீச்சற்காரிக்குப் போதாது.

கடைசி இரண்டு வாரங்களுக்கு வருவோம். இங்கேதான் பெற்றோரின் நெஞ்சுரம் சோதிக்கப்படுகிறது. 17,000 மீட்டரிலிருந்து 10,000, பிறகு 7,000 என்று தொலைவைக் குறைக்க வேண்டும். ஆனால் வேகத்தைக் குறைக்கலாகாது. வாரம் இருமுறை போட்டி வேகத்தில் சில 100 மீட்டர்கள், நிறைய ஓய்வுடன். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்கு முன்னைய மூன்று வாரங்களில் நீச்சல் வீரர்களை ஆராய்ந்தவர்கள், இப்படி இறங்குவதனால் நேரம் சராசரியாக நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேல் குறைந்ததைக் கண்டார்கள். 12 நிமிடம் 24 விநாடியில் அது பதினைந்து விநாடிக்கு மேல்! அவ்வாரங்களில் பிள்ளை துள்ளுவாள். ‘இன்னும் கொஞ்சம் நீந்துகிறேன்’ என்பாள். விடாதீர்கள். சிலருக்கு மாறாக உடல் மந்தமாகத் தோன்றும்; அதற்கும் அஞ்ச வேண்டா.

போட்டியன்று முதல் 100 மீட்டர் கூட்டத்தின் உற்சாகத்தில் பறந்துபோவது வழக்கம். 12 நிமிடம் 16 விநாடி இலக்கானால், 100 மீட்டருக்கு 92 விநாடி. முதல் நூறு 90 ஆகலாம். 86 ஆகக் கூடாது. இரண்டாவதிலிருந்து ஏழாவது வரை ஏறத்தாழ ஒரே எண். எட்டாவதில் மீதி வைத்திருப்பதையெல்லாம் செலவிடலாம். கரையில் நிற்பவர்கள் ‘வேகம், வேகம்’ என்று கூவுவதைவிட, ஒவ்வொரு நூறின் நேரத்தையும் நோட்டில் குறிப்பது உபகாரம். அதே நோட்டிலிருந்துதான் அடுத்த ஆண்டின் அட்டவணை பிறக்கும்.

மேற்கூறிய 24 வாரங்களுக்கும் வாரவாரியாகத் தொலைவும் வேகமும் குறித்து ஒரு மாதிரி ஏடு எழுதி, சங்க நூலக மேஜையில் வைத்திருக்கிறோம். அதிலுள்ள வேகங்கள் இந்த ஒரு பெண்ணுக்குக் கணக்கிட்டவை; மற்றவர்கள் தம் பிள்ளையின் 400, 200 நேரங்களைக் கொணர்ந்தால், ஞாயிறு மாலைகளில் உடனிருந்து கணக்கிட்டுத் தருகிறோம். இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மறவாமல் மருத்துவரிடம் முதலில் காட்டிவிட்டு வாருங்கள்.